அணில் கடித்த காப்பு

ஜூன் 2

என் வாத்தியாரம்மாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்து நாலு நாள் ஆகிறது. சேர்ந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள் என்றாய். ஒரு வரியோடு நிறுத்துகிற ஆள் நான் இல்லை என்பது உனக்கே தெரியும். பிழைகளைச் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பினாலும் சரி, முழுக்கப் படித்துவிட்டு அனுப்பு.

இங்கே வந்து பார்த்தால் வேலையே இல்லை. பிஸ்கட் பாக்கெட் ஒட்டுகிற மெஷினைப் பத்துப் பெட்டிகளில் அனுப்பி வைத்த புண்ணியவான்கள், கியர்பாக்ஸ் உள்ள பதினோராவது பெட்டியை எங்கேயோ கோட்டைவிட்டுவிட்டார்கள். அது வந்து சேர மூன்று வாரமாவது ஆகுமாம். தொழிற்சாலை மேனேஜர் தினமும் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். மாப்பிள்ளை உபசாரம்தான்.

லாட்ஜில் மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் எதிரே சைக்கிள் கடை, பக்கத்தில் துணி தேய்க்கிறவர். அறைக் குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது. கை சும்மா இருக்குமா, ஸ்பானரை எடுத்துச் சரிசெய்துவிட்டேன். அன்றிலிருந்து லாட்ஜ்காரர் என்னைக் கண்டாலே ஒரு குழாயைக் காட்டுகிறார். நம் வீட்டுக் குளியலறை ஒழுகல் மட்டும் மூன்று வருஷமாக அப்படியே இருக்கிறதே என்று நீ முணுமுணுப்பது இங்கே கேட்கிறது.

ஸ்டேஷனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. நம் அணில்குட்டி போய் இரண்டரை வருஷம் ஆகிறது. பெற்ற பெண்ணைப் பறிகொடுத்தவர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். நாம் என்னடாவென்றால் சாப்பிட்டாச்சா, காஸ் வந்துச்சா, கதவைப் பூட்டியாச்சா என்று மூன்றே கேள்விகளில் குடும்பம் நடத்துகிறோம். "வாயாலதான் வரல, எழுதியாவது பாப்போம். ரெண்டு மாசம். அப்பவும் இப்படியேதான்னா அவங்கவங்க வழியப் பாத்துக்கலாம்" என்று சொன்னாய். ரயில் நகர்கிற வரைக்கும் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாய். போன் வேண்டாம் என்றதும் நியாயம்தான். போனில் நாம் ஒருவர் மூச்சு விடுவதை இன்னொருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

அதனால் எழுதுகிறேன். இரண்டு மாதத்துக்குள் உன்னை என் பக்கம் திருப்பிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு வேலை கிடையாது.

ஒரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு அட்டை தொங்குகிறது. வெளியூரிலிருந்து வந்தவரா, ஐந்தே வகுப்பில் உங்கள் கையாலேயே ஒரு வெள்ளி நகை செய்து எடுத்துப் போங்கள் என்று எழுதியிருக்கிறது. பொழுது போகாமல் சேர்ந்துவிட்டேன். அடுத்த தெருவில் ஒரு பட்டறை. சொல்லிக்கொடுக்கிறவர் ஒரு அம்மா, விரல் நுனியெல்லாம் தீக்காயத் தழும்பு. என்னோடு கற்றுக்கொள்கிறவர்கள், சுற்றுலா வந்த ஒரு புது ஜோடி. அவன் அவளுக்கும் அவள் அவனுக்கும் மோதிரம் செய்யப்போகிறார்களாம். நான் யாருக்குச் செய்கிறேன் என்று கேட்டார்கள். வாத்தியாருக்கு என்றேன், விழித்தார்கள்.

உன்
மெக்கானிக்

*

ஜூன் 9

என்னங்க,

கடிதம் வந்தது. ஏழு பிழைகள். சுழிக்கவில்லை, இரண்டாவது தடவை படிக்கும்போது அவை கண்ணில் படவில்லை.

குளியலறை இப்போது பலமாகவே ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன். லாட்ஜ்காரருக்கு இருக்கும் யோகம் எனக்கு இல்லை.

வெயில் தணியாததால் பள்ளிக்கூடம் திறப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். என் அக்கா தன் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து என்னோடு இருக்கிறாள். நீங்கள் ஊருக்குப் போனால் நான் சாப்பிடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். தட்டை என் மடியில் வைத்துவிட்டு, காலியாகும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறாள். போன வருஷங்களிலும் இவள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ தெரியாது. ஒரு குறை மட்டும். பீரோவில் இருக்கும் சின்னத் துணிகளையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிடு, கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் நீ தேறமாட்டாய் என்று மறுபடியும் ஆரம்பித்தாள். நான் முறைத்த முறைப்பில் எழுந்து பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள். அவள் மகளுக்கு ஏழு வயது. கூடத்தில் ஓடுகிறாள். அந்தக் காலடிச் சத்தம் கேட்கும்போது என் கை செய்கிற வேலையை விட்டுவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது.

நீங்கள் கேட்காவிட்டாலும் எழுதுகிறேன், எழுதத்தானே சொன்னேன். எனக்கு உங்கள் மேல் கோபம் இருக்கிறது. நம் அணில் பிறந்தபோது நீங்கள் வெளியூர், பல் முளைத்தபோது வெளியூர், அந்தக் காய்ச்சலின் மூன்று நாளும் வெளியூர். வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் இருக்கிறது. இதை வாயால் சொல்லியிருந்தால் நீங்கள் எழுந்து வாசலுக்குப் போயிருப்பீர்கள். காகிதத்தில் இருப்பதால் திரும்ப வந்து படிக்கலாம்.

இருபதாம் தேதி அவளுக்கு நாலு வயது முடிந்திருக்கும். அன்றைக்கு மட்டும் அவள் காப்பும் சாக்ஸும் வைத்திருக்கும் அந்த டப்பாவைத் திறப்பேன். போன வருஷம் போலவே.

மோதிரம் எனக்கா? விரலைச் சுட்டுக்கொள்ளாதீர்கள்.

உங்கள்
வாத்தியாரம்மா

*

ஜூன் 14

என் வாத்தியாரம்மாவுக்கு,

உன் கோபத்தை நாலு தடவை படித்தேன். முதல் தடவை நீ சொன்னபடியே எழுந்து வாசலுக்குத்தான் போனேன். திரும்பி வந்து மிச்சத்தைப் படித்தேன். எல்லாம் நிஜம். அதற்காகத்தான் இன்றைக்கு ஒரு காரியம் செய்தேன். முடித்துக் கையில் கொடுத்து உன்னை அசத்தலாம் என்றிருந்தேன். ஆனால் இருபதாம் தேதி டப்பாவைத் திறப்பேன் என்று எழுதிவிட்டாயே, இனி மறைக்க முடியாது.

டப்பாவில் அந்தக் காப்பு இருக்காது. தேடாதே. கிளம்பிய அன்றைக்கு நீ என் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான்தான் எடுத்தேன். முதலில் ஒரு நினைப்பும் இல்லை. அணிலின் பொருள் ஒன்றுகூட என்னிடம் இல்லையே, இரண்டு மாதம் சட்டைப்பையில் இருக்கட்டும் என்றுதான் எடுத்தேன். இங்கே வகுப்பில் சேர்ந்த பிறகுதான் அது தோன்றியது. அந்தக் காப்பை நீ வருஷத்தில் ஒருநாள் பார்க்கிறாய். மிச்ச நாளெல்லாம் அது இருட்டில் கிடக்கிறது. அதுவே ஒரு மோதிரமாக உன் விரலில் இருந்தால் அவள் எப்போதும் உன் கையிலேயே இருப்பாள் இல்லையா? கரும்பலகையில் எழுதும்போதும் இருப்பாள்.

பட்டறையம்மா காப்பை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தார். "உருக்கிட்டா திரும்பி வராது சார். வீட்ல கேட்டுட்டீங்களா?" என்றார். வீட்டுக்காகத்தான் செய்கிறேன் என்றேன். விளிம்பெல்லாம் ஏதோ பள்ளம் பள்ளமாக இருக்கிறதே என்று லென்ஸை என்னிடம் கொடுத்தார். பார்த்தேன், இரண்டிரண்டாகச் சின்னச் சின்ன நசுங்கல். எங்கேயாவது கதவிடுக்கில் மாட்டியிருக்கும், உருக்கினால் எல்லாம் சரியாகிவிடும்தானே என்றேன். உருக்கினால் எதுவுமே இருக்காது என்றார்.

மண் கிண்ணத்தில் காப்பை வைத்து, சீக்கிரம் உருக வெங்காரப் பொடி தூவி, தீயைப் பிடித்தேன். என் கையாலேயே செய்ய வேண்டும் என்று அவர் தொடவில்லை. முதலில் கறுத்தது. பிறகு சிவந்தது. வளையம் வளையமாகவே கொஞ்ச நேரம் அடம்பிடித்தது. அப்புறம் சட்டென்று சரிந்து ஒரு உருண்டையாகிக் கண்ணாடி போல மினுங்கி நின்றது. நான் அழுதுவிட்டேன். இரண்டரை வருஷத்தில் முதல் தடவையாக, அந்தப் புது ஜோடிக்கு முன்னாலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு அழுதேன். அந்தப் பெண் தன் கைக்குட்டையைக் கொடுத்தது.

சுத்த வெள்ளி குழந்தை கைக்குத்தான் சரி, மெத்தென்று இருக்கும், பெரியவர்கள் விரலில் உழைக்காது என்று பட்டறையம்மா துளி செம்பு சேர்க்கச் சொன்னார். சேர்த்தோம். இப்போது நல்ல உறுதி. நாளைக்குத் தகடாக்கி வளைக்க வேண்டும். விரல் அளவு கேட்டார். மாவு பிசையும்போது உன் கல்யாண மோதிரத்தைக் கழற்றி என்னிடம் கொடுப்பாயே, அது என் சுண்டுவிரலில் நடுக்கணுவோடு நின்றுவிடும். விரலை நீட்டி அந்த இடத்தைக் காட்டினேன். சிரித்தார். இவ்வளவு சரியாக அளவு சொன்ன ஆம்பளையைப் பார்த்ததில்லை என்றார்.

லாட்ஜ்காரர் தபாலாபீஸ் பக்கம் போகிறாராம், இதை அவரிடம் கொடுக்கிறேன். நாலு நாளில் கிடைத்துவிடும். இருபதாம் தேதி டப்பாவைத் திறக்கவேண்டாம், இந்தக் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொள்.

உன்
மெக்கானிக்

*

ஜூன் 21

என்னங்க,

காப்பு இல்லை.

நேற்றுக் காலை குளித்துவிட்டு வந்து டப்பாவைத் திறந்தேன். சாக்ஸ் இருக்கிறது, கிலுகிலுப்பை இருக்கிறது, ஆஸ்பத்திரியில் கையில் கட்டிய சீட்டு இருக்கிறது. காப்பு இல்லை. பீரோவைக் காலி செய்தேன். துணிகளை ஒவ்வொன்றாக உதறினேன். மெத்தையைப் புரட்டினேன். அரிசி டின்னில்கூடக் கையை விட்டுப் பார்த்தேன், ஏன் அங்கே என்று கேட்காதீர்கள்.  இன்னொரு காப்பு அவள் கையோடு மண்ணுக்குள் போய்விட்டது. இது ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றக் கழற்றி என் கையில் கொடுத்தது. மூன்று நாள் அதை மூடிய கையைத் திறக்காமல் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து சேர்ந்தபோதுதான் கையைத் திறந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ.

அக்காவைத் தவிர இந்த வீட்டுக்குள் யாரும் வரவில்லை. சின்னத் துணிகளைக் கொடுத்துவிடு என்று சொன்னவளும் அவள்தான். கேட்டேன். முதலில் நயமாகத்தான் கேட்டேன். என் நல்லதுக்கென்று எங்கேயாவது ஒளித்து வைத்திருந்தால் கொடுத்துவிடு, கோபப்பட மாட்டேன் என்றேன். அவள் எடுக்கவே இல்லை என்றாள். அப்புறம் என் வாயில் வந்ததை நான் பேசினேன். உன் மகள் உயிரோடு ஓடுகிறாள், உனக்கென்ன தெரியும் என்றேன். அவள் திரும்பவும் எடுக்கவில்லை என்றுதான் சொன்னாள்.

"அப்படின்னா உன் பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்றேன்.

நான் சொன்னேன். நான், ஒரு குழந்தையைப் பறிகொடுத்தவள், சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, அதன் உச்சந்தலையில் கையை வைத்து, நான் எடுக்கவில்லை என்றாள். அதற்கு ஒன்றும் புரியவில்லை, என்ன விளையாட்டும்மா இது என்று கேட்டது. அப்போதும் நான் நம்பவில்லை. ஒரு மணி நேரத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள்.

போனை எடுத்து உங்கள் நம்பரைப் பாதி அழுத்தினேன். எழுதுகிறது என்று பேசியிருக்கிறோம், வைத்துவிட்டேன். ஊருக்குப் போகுமுன் அதை வேறு எங்காவது மாற்றி வைத்தீர்களா? உடனே எழுதுங்கள். வேறு ஒன்றும் எழுதவேண்டாம், அதை மட்டும் எழுதுங்கள்.

வாத்தியாரம்மா

*

ஜூன் 26

வாத்தியாரம்மாவுக்கு,

உன் கடிதம் இன்று காலை வந்தது. என் பதினாலாம் தேதிக் கடிதம் இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். கிடைக்காமல் இருந்தால் ஒரே வரியில் சொல்கிறேன். நான்தான் எடுத்தேன். உருக்கிவிட்டேன். அக்கா எடுக்கவில்லை.

லாட்ஜ்காரரைப் போய்க் கேட்டேன். தபாலாபீஸ் பூட்டியிருந்ததால் சட்டைப்பையில் வைத்தாராம், சட்டை சலவைக்குப் போகும்போதுதான் பார்த்துப் பெட்டியில் போட்டாராம். எத்தனை நாள் என்று அவருக்கே தெரியவில்லை. அவரை அடிக்கலாம் போல் இருந்தது. அடித்து என்ன, போனை எடுத்து இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

இன்று மத்தியானம் உனக்கு வந்த போன் நான் செய்ததுதான். நீ மூன்று தடவை ஹலோ என்றாய். அப்புறம் "நீங்கதானே?" என்றாய்.  உன் மூச்சு கேட்டது, நீ வைக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டு நின்றேன். அக்காவுக்கும் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். அவருக்குத் தனியாக எல்லாவற்றையும் எழுதிப் போட்டிருக்கிறேன்.

பட்டறைக்கு ஓடினேன். அந்த வெள்ளி இருக்கிறது, ஒரு பொடிகூட வெளியே போகவில்லை. மோதிரம் போக மிச்சம் ஒரு சின்ன உருண்டை இருக்கிறது. எல்லாவற்றையும் திரும்ப உருக்கி அதே காப்பாகச் செய்து தாருங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். செய்யலாம், உள் அளவு சொல்லுங்கள் என்றார். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து வளையம் போல் காட்டினேன். ஸ்கேலை வைத்து அளந்தார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். அது வேறு அளவாக இருந்தது. மூன்றாவது தடவை இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் இருந்தது. அவர் ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, உங்களுக்கே தெரியலையே சார் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உன் விரல் அளவு தெரிந்த எனக்கு என் பெண்ணின் மணிக்கட்டு தெரியவில்லை.

உனக்கு அந்த அளவு தெரியும். எழுது. கெஞ்சிக் கேட்கிறேன். அச்சு அசலாக அதே போல் செய்து கொண்டுவருகிறேன். என்னைத் திட்டி எழுது, எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்
மெக்கானிக்

*

ஜூன் 27

உங்களுக்கு,

உங்கள் பதினாலாம் தேதிக் கடிதம் நேற்று முன்தினம் வந்தது. முத்திரையில் இருபத்தொன்று என்று இருக்கிறது. நீங்கள் எழுதி, ஒரு வாரம் எங்கேயோ கிடந்து, நான் அக்காவைத் துரத்திய மறுநாள் கிளம்பி வந்திருக்கிறது. நேற்று போன் செய்தவர் நீங்கள்தான் என்றும் தெரியும்.

அவளை அணில் என்று ஏன் கூப்பிட்டோம்? கேட்டவர்களிடமெல்லாம் அவள் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடுவாள், அதனால் என்று சொல்வீர்கள். நான் உங்களை மறுத்ததில்லை. அவள் நடக்கக்கூட ஆரம்பிக்காத நாளிலேயே அந்தப் பெயர் வந்துவிட்டது. ஏழாம் மாதம் கீழே இரண்டு பல் முளைத்தது. ஈறு குடைகிறதென்று கையிலிருக்கும் காப்பை வாயில் வைத்து நறநறவென்று கடிப்பாள், அணில் பழத்தைக் கடிப்பதுபோல. அப்போது நீங்கள் வெளியூரில். நான் போனில் சொன்னேன். காப்பெல்லாம் பல் தடம், இரண்டிரண்டாக விழுந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அணில்குட்டி என்று முதலில் சொன்னதே நீங்கள்தான், அந்தப் போனில்.

பெயர் உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது, காரணம் மறந்துவிட்டது.

அந்தத் தடங்களுக்காகத்தான் அதை வைத்திருந்தேன். வெள்ளிக்காக இல்லை. போட்டோவில் அவள் இருக்கிறாள், ஆனால் அவள் செய்தது என்று ஒன்று இந்த உலகத்தில் அது மட்டும்தான். அவள் ஒரு கோடு கிறுக்கவில்லை, ஒரு எழுத்து எழுதவில்லை. நகத்தை அந்தப் பள்ளங்களில் ஒவ்வொன்றாக வைத்துத் தடவிக்கொண்டே போவேன். ஒன்றிரண்டு மிகவும் மெல்லியதாக இருக்கும், பதினொன்றா பன்னிரண்டா என்று எனக்குக் கடைசிவரை சந்தேகம். கண்ணாடி போட்டும் சரியாக எண்ண முடிந்ததில்லை. நீங்கள் லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறீர்கள். எத்தனை இருந்தன?

அக்கா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொல்லி, கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவளும் அழுதாள். அவள் மகள் எட்டிப் பார்த்தபோது, நீ உள்ள போ என்று அதை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினாள். எனக்கு அது போதும். என் கண் அந்தப் பிள்ளைமேல் படக்கூடாது என்று அவள் நினைக்கும்படி நான் நடந்துகொண்டேன்.

மோதிரத்தை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
வாத்தியாரம்மா

*

ஜூலை 4

உனக்கு,

எண்ணவில்லை.

பட்டறையம்மா லென்ஸை என் கையில் கொடுத்தார். வெளிச்சத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு நன்றாகப் பார்த்தேன். அதைக் கடைசியாகப் பார்த்தவன் நான். எண்ணவில்லை. எண்ணவேண்டிய ஒன்று என்று தெரியவில்லை. இந்தக் கடிதத்துக்கு முன் எட்டு கடிதம் எழுதிக் கிழித்தேன். எல்லாவற்றிலும் ஒரு எண் எழுதியிருந்தேன். பதினொன்று என்று எழுதினால் உனக்கு ஆறுதலாக இருக்குமா, பன்னிரண்டு என்று எழுதினால் இருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். உன்னிடம் இனி ஒரு பொய்யையும் வைத்துக்கொண்டு வாழ எனக்குத் தெம்பு இல்லை.

அந்தப் போன் எனக்கு இப்போது ஞாபகம் வருகிறது. ஒரு மெஷினுக்கு அடியில் படுத்துக்கொண்டு பேசினேன், கை முழுக்க கிரீஸ். நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். அப்போது உன் குரல் எப்படி இருந்ததென்றுகூட ஞாபகம் வருகிறது. கதவிடுக்கில் மாட்டியிருக்கும் என்று நான் சொன்னபோது இது ஏன் வரவில்லை? என்னை நானே கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன்.

பட்டறையம்மாவிடம் பல் தடம் என்று சொன்னேன். எரிந்துகொண்டிருந்த தீயை அணைத்துவிட்டார். "அன்னிக்கே கேட்டேனே சார், வீட்ல கேட்டீங்களான்னு" என்றார். 

மோதிரத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன், நானே வரிசையில் நின்று. கியர்பாக்ஸ் வந்துவிட்டது. மெஷின் ஓட ஆரம்பித்தால் இருபத்தெட்டாம் தேதி ரயிலில் கிளம்பலாம். வரட்டுமா? இதற்கு மட்டும் பதில் எழுது. வந்து முதல் வேலையாகக் குளியலறையைப் பார்க்கிறேன்.

மெக்கானிக்

*

ஜூலை 13

உங்களுக்கு,

மோதிரம் வந்தது. அழகாகத்தான் செய்திருக்கிறீர்கள். பற்றவைத்த இடம் தெரியவில்லை. விரலில் போட்டேன், இறுக்கவும் இல்லை, தளரவும் இல்லை. பத்து வருஷமாக நான் கழற்றிக் கொடுத்த மோதிரத்தை உங்கள் சுண்டுவிரல் ஞாபகம் வைத்திருந்தது என்பதை நினைத்து நன்றாக அழுதேன். உங்களுக்கு என்மேல் பிரியம் இல்லை என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். கேட்கிறவர்களிடமும் அப்படித்தான் சொல்வேன்.

குளியலறைக்கு ஆள் கூப்பிட்டேன். வந்து அரை மணியில் சரிசெய்துவிட்டார். வாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

நீங்கள் வரவேண்டாம். கோபத்தில் எழுதவில்லை, கோபமாக இருந்தால் வரச்சொல்லித் திட்டியிருப்பேன். நீங்கள் எதிரில் இருந்தால் நான் உங்கள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். ரெண்டு மாசம் என்று சொன்னேன். எழுதினோம். இத்தனை வருஷத்தில் இந்த ஒன்றரை மாதம் பேசியதுபோல் நாம் பேசியதே இல்லை. அது உண்மை. அதற்குமேல் என்னால் முடியவில்லை. உங்கள் துணிகளை மடித்து வைத்திருக்கிறேன், எங்கே அனுப்ப வேண்டுமென்று எழுதினால் அனுப்புகிறேன். மிச்சமிருக்கும் அந்த உருண்டையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் அவள் பொருள் ஒன்றுகூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள்.

காப்பின் உள் அளவு கேட்டீர்கள். தெரியும், ஆனால் எழுதவில்லை.

இன்னொன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மோதிரம் வந்த அன்றைக்கு அதைக் கழற்றி வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தேன். முன்பல்லால் கடித்தேன், கடைவாயில் வைத்துக் கடித்தேன். ஈறில் ரத்தம் வந்தது. கண்ணாடி போட்டு வெளிச்சத்தில் பார்த்தேன், ஒரு கீறல்கூட இல்லை. இரண்டே பல்லை வைத்துக்கொண்டு அவள் செய்தது என் வாய் முழுக்கப் பல் இருந்தும் என்னால் ஆகவில்லை. செம்பு சேர்த்ததால் இருக்கும்.

அணிலின் அம்மா